ஆல்பரியில் ஒரு பேச்சுக்கால்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆல்பரி ரயில் நிலையத்தில் எனக்குப் பக்கத்தில், கம்பளித் தொப்பியைக் காது மறைய இழுத்துவிட்டுக்கொண்டு நின்ற அந்த மனுஷிதான் மாப்பிள்ளையின் தாய். உங்களுக்கு இப்போதே தெரிந்துவிட்டது. எனக்கு மத்தியானம் வரைக்கும் தெரியவில்லை. ஆளை ஒரு பார்வையில் எடைபோடுவேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிறவள் நான். அன்றைக்கு என் கண் எங்கே போனது என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

என் பெயர் சந்திரவதனா. சிட்னியில் வென்ட்வேர்த்வில்லில் வீடு. வயதானவர்களைக் கடைக்கும் டொக்டரிடமும் ஏற்றி இறக்கும் சின்ன பஸ் ஒன்றை ஓட்டுகிறேன். காது மந்தமான சனத்தோடு நாள் முழுக்கக் கத்தி என் குரல் பெருத்துவிட்டது. வாய் அதற்கு முதலே பெரிதுதான் என்று என் கணவர் மகேந்திரராஜா சொல்லுவார். எங்களுக்கு ஒரே மகள், வினுஷா. வெஸ்ட்மீட்டில் பிசியோதெரபிஸ்ட். அவள் விரும்பியிருக்கும் பெடியன் றொகான் மெல்பேணில், நோபிள் பார்க்கில் இருக்கிறான். மன்னார்ப் பக்கத்து வேதக்காரர். தகப்பன் இல்லை. தாயும் அவனும்தான்.

சமயத்தில் எங்களுக்குள் தகராறு வரவில்லை. காலையில் முருகன் கோயில், பின்னேரம் சேர்ச் என்று பிள்ளைகளே அதைத் தீர்த்துவிட்டார்கள். தகராறெல்லாம் எங்கே குடியிருப்பது என்பதில்தான். றொகான் ஒரு வங்கிக்குக் கொம்பியூட்டர் வேலை செய்கிறான், எந்த ஊரில் இருந்தும் செய்யலாம். ஆனால் தாயைத் தனியே விட்டுவிட்டு வரமாட்டான். தாயோ மெல்பேணை விட்டு அசையமாட்டாவாம். என் மகளைச் சிட்னியை விட்டு அனுப்ப நான் மாட்டேன். இதிலேயே ஒரு வருஷம் ஓடிப்போனது.

பிறகு யார் யாரிடம் போவது என்று ஒரு சண்டை. மாப்பிள்ளைப் பகுதிதான் பொம்பிளை வீட்டுக்கு வரவேண்டும், அதுதானே முறை? புருஷன் இல்லாத பொம்பிளை அவ்வளவு தூரம் வரமாட்டா, நீங்கள் வாருங்கள் என்று அங்கிருந்து பதில் வந்தது. எல்லாம் பிள்ளைகள் மூலமாகத்தான். நானும் அந்த மனுஷியும் ஒருநாளும் நேரே கதைத்ததில்லை. முதலில் அவ எடுக்கட்டும் என்று நான் இருந்தேன். முதலில் நான் எடுக்கட்டும் என்று அவ இருந்திருக்கிறா.

கடைசியில் வினுஷா வெடித்துவிட்டாள். “அம்மா, ஆல்பரி நடுவிலை இருக்கு. பாலத்துக்கு இஞ்சாலை எங்கடை மாநிலம், அங்காலை அவையின்ரை மாநிலம். ஆத்தங்கரையிலை ஒரு கபே புக் பண்ணியிருக்கிறம். சனிக்கிழமை ஒரு மணி. அண்டைக்கும் நீங்கள் ரெண்டு பேரும் பிடிச்ச பிடியிலை நிண்டால் நான் எல்லாத்தையும் நிப்பாட்டிப்போடுவன். ஐ மீன் இட்.”

அவள் அப்படிச் சொன்னால் செய்வாள். என்னுடைய பிள்ளையல்லவா. எனக்குப் பயம்தான். ஆனாலும் வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமையே காரில் புறப்பட்டோம். நான்தான் ஓட்டினேன். கோல்பேர்ன் தாண்டியதிலிருந்து மகேந்திரராஜாவுக்குப் பாடம் நடத்திக்கொண்டு வந்தேன். என்ன கேட்டால் என்ன சொல்லவேண்டும், எந்த இடத்தில் பேசாமல் இருக்கவேண்டும், எல்லாம். முக்கியமாக ஒன்று: கல்யாணப் பேச்சுக்கால் முடியும் வரைக்கும் அவர்களிடம் கை நனைக்கக் கூடாது. பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம், பிறகு வாய் திறக்க ஏலாது.

“கபேயிலை கோப்பி?” என்று கேட்டார் மனுஷன்.

“எங்கடை காசிலை எண்டால் குடிக்கலாம்,” என்றேன்.

சனிக்கிழமை விடிய எழும்பியபோது மோட்டல் கண்ணாடியெல்லாம் பனி. இந்த நாட்டில் ஆடிதான் நடுக் குளிர்காலம், பல் கிட்டியது. மகேந்திரராஜா கிரிக்கெற் பார்க்கப் படுக்கையிலேயே சாய்ந்துவிட்டார். வினுஷா “கொஞ்சம் நடந்திட்டு வாறன்” என்று போய்விட்டாள். எங்கே போனாள் என்று எனக்குத் தெரியாதா? பெடியனும் தாயும் இருட்டோடு புறப்பட்டு வந்து சேர்ந்திருப்பார்கள், இவள் அவனைப் பார்க்கப் போயிருப்பாள். எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. நேரத்தோடு கபேக்குப் போனால் பொம்பிளைப் பகுதி காத்துக்கிடந்தது என்று கதை வரும். ஊர் சுற்றிக்காட்டுகிறார்கள், ரயில் நிலையத்தில் ஆரம்பம் என்று மோட்டல் வாசலில் ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தது. சரி, பொழுதாவது போகட்டும் என்று போனேன்.

அங்கேதான் அந்தத் தொப்பி. கறுத்த மொத்த ஜக்கெற், கழுத்தைச் சுற்றி ஸ்காவ், கறுப்புக் கண்ணாடி. மூக்கும் வாயும்தான் வெளியில் தெரிந்தன. நானும் குளிருக்கு அப்படித்தான் மூடிக்கட்டிக்கொண்டு நின்றேன். மாப்பிள்ளையின் தாய் என்று வினுஷா எனக்குக் காட்டியிருந்த படத்தில் பட்டுச்சேலை, கொண்டை, பூ, உதட்டுச் சாயம். அந்தப் படத்தை எடுத்து எத்தனை வருஷமோ. இந்த மனுஷியை அதோடு யார் பொருத்திப் பார்ப்பார்?

“தமிழோ?” என்று கேட்டேன்.

“ஓம்.”

எங்களுடைய ஆட்கள் பெயர் கேட்கமாட்டார்கள். ஊர்தான் கேட்பார்கள். “ஊரிலை எவடம்?”

கொஞ்சம் யோசித்தார். “கொழும்பு.”

“இஞ்சை?”

“அடிலெய்ட். நீங்கள்?”

“கன்பரா,” என்றேன் நான், கண்ணைச் சிமிட்டாமல்.

ஏன் பொய் சொன்னேன் என்று கேட்பீர்கள். பேச்சுக்கால் நடக்கும்போது வெளியாட்களுக்கு மூச்சு விடக்கூடாது. கண்ணூறு ஒரு பக்கம், குழப்பி விடுகிறவர்கள் ஒரு பக்கம். சிட்னி என்றால் “சிட்னியிலை எவடம், ஆற்றை ஆக்கள்” என்று தொடங்கி, இரண்டு நிமிஷத்தில் வினுஷாவின் பெயர் வெளியில் வந்துவிடும். அந்த மனுஷியும் அதே காரணத்துக்காகத்தான் புளுகியிருக்கிறா. அது எனக்கு எப்படித் தெரியும்?

ஊர் காட்டியவர் ஹெலன் என்று ஒரு வெள்ளைக்காரி. நல்ல உயரம், நல்ல பகிடி. எங்களை பிளாற்போமுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அம்மாடி, அதன் நீளம்! ஒரு தலைப்பில் நின்று பார்த்தால் மற்றத் தலைப்பில் நிற்கிறவர் ஆணா பெண்ணா என்று தெரியாது. இந்தச் சின்ன ஊருக்கு ஏன் இவ்வளவு பெரிய பிளாற்போம் என்று நானே கேட்டேன்.

ஹெலன் சிரித்துக்கொண்டு விளக்கினார். அந்தக் காலத்தில் சிட்னிக்காரர் ஒரு அகலத்தில் தண்டவாளம் போட்டார்களாம், மெல்பேண்காரர் இன்னொரு அகலத்தில் போட்டார்களாம். உன்னுடையதை மாற்று என்று இவர்கள் சொல்ல, நீ மாற்று என்று அவர்கள் சொல்ல, ஒருவரும் மாற்றவில்லை. இரண்டு தண்டவாளமும் இந்த ஊரில் வந்து முட்டிக்கொண்டு நின்றன. சிட்னி ரயில் மெல்பேணுக்குப் போகாது, மெல்பேண் ரயில் சிட்னிக்குப் போகாது. பிரயாணம் செய்கிற அத்தனை சனமும் நித்திரைத் தூக்கத்தில் பிள்ளை குட்டியோடு இங்கே இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு மற்ற ரயிலுக்கு ஓடவேண்டும். கிட்டத்தட்ட எண்பது வருஷம் இப்படியே போனதாம். அறுபதுகளில்தான் ஒரே பாதை வந்ததாம்.

“பாத்தியளோ,” என்று தொப்பிக்காரியின் காதுக்குள் சொன்னேன். “வெள்ளைக்காறரும் சம்மந்திமார் மாதிரித்தான் சண்டை பிடிச்சிருக்கினம்.”

அவர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “பாவம், இடையிலை மாட்டுப்பட்ட சனம்,” என்றார். எனக்கு ஆளை உடனே பிடித்துவிட்டது. என் பகிடிக்குச் சிரிக்கிறவர்களை எனக்கு எப்போதும் பிடிக்கும்.

அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் கூட்டத்துக்குப் பின்னால் சேர்ந்தே நடந்தோம். ஒரு தெரு முனையில் ஹெலன் நின்று, இங்கே எல்லைப் பாலத்தடியில் சுங்கக்காரர் நின்று மூட்டையை அவிழ்த்துப் பார்த்து வரி வாங்கிய கதையைச் சொன்னார். ஒரே நாடாக ஆகுமுன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போவதென்றால் வேறு நாட்டுக்குப் போவது மாதிரியாம். அதைக் கேட்டதும் எனக்கு என் கதை நெஞ்சுக்குள் முட்டிக்கொண்டு வந்தது. நேரே சொல்ல ஏலாது. ஆனால் சொல்லாமலும் இருக்க ஏலாது.

“என்ரை சிநேகிதி ஒருத்தி, கன்பராவிலை,” என்று ஆரம்பித்தேன். “அவளுக்கு ஒரே பொம்பிளைப் பிள்ளை. பிரிஸ்பேனிலை ஒரு பெடியன். பெடியன் தங்கம். தாய்தான் சரியில்லை. பெடியனை முந்தானையிலை முடிஞ்சு வச்சிருக்கிறா. தான் இருக்கிற ஊரை விட்டு அசையமாட்டன் எண்டு ஒரே பிடி. விசர் மனிசி!”

“அப்பிடிச் சொல்லாதேங்கோ அக்கா. அந்த மனிசிக்கும் என்ன கஷ்டமோ.”

“என்ன கஷ்டம்? என்ரை சிநேகிதிக்கு இல்லாத கஷ்டமோ? அந்தப் பிள்ளை வீட்டுக்குள்ளை வந்தால்தான் அங்கை சத்தம். குசினிக்குள்ளை நிண்டு பாட்டு, சிரிப்பு, தாயோடை சண்டை. புருஷன்காறன் நல்ல மனிசன், ஆனால் வாய் திறந்து ஒரு நாளைக்கு நாலு சொல்லுச் சொன்னால் பெரிசு. பிள்ளை போயிட்டுதெண்டால் அந்த வீடு செத்த வீடு அக்கா. அவளுக்கு அதுதான் பயம். ஆரிட்டைச் சொல்லுறது?”

சொல்லும்போதே எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. சிநேகிதிக்காக அழுகிறாளே, எவ்வளவு நல்ல மனம் என்று அவர் நினைத்திருப்பார். என் கையைப் பிடித்து ஒருதரம் அழுத்தினார். பிறகு தானும் ஒரு கதை சொன்னார். “எங்கடை அடிலெய்ட்டிலையும் இப்பிடி ஒண்டு நடக்குது. என்ரை சிநேகிதியின்ரை பெடியனுக்கு பெர்த்திலை ஒரு பிள்ளை. பிள்ளை நல்ல பிள்ளையாம். தாய்தான் சரியான வாய்க்காறியாம். அந்த வாய்க்குப் பயந்து பெர்த்திலை ஒருத்தரும் கிட்டப் போறேல்லையாம்.”

“ஐயோ, அப்பிடியான ஆக்களோடை கவனம் அக்கா,” என்றேன் நான். இதையெல்லாம் இப்போது நினைத்தால் எனக்கு நிலத்துக்குள் புதைந்துவிடலாம் போலிருக்கிறது.

பூங்கா வாசலில் ஹெலன் ஒரு பழைய படத்தைக் காட்டினார். சேற்றுக்குள் ஒரு விமானம். அதில் கயிறுகள் கட்டி, தொப்பி போட்ட ஆண்கள் கூட்டமாக நின்று இழுக்கிறார்கள். ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்து நாலாம் ஆண்டு லண்டனில் இருந்து மெல்பேணுக்கு விமானப் போட்டி ஒன்று நடந்ததாம். அதில் வந்த டச்சு விமானம் ஒன்று இராத்திரிப் புயலில் வழி தெரியாமல் ஆல்பரிக்கு மேலே சுற்றிச் சுற்றி நின்றிருக்கிறது. கீழே இருந்த சனத்துக்கு அந்தச் சத்தம் கேட்டிருக்கிறது. ஊர் முழுக்க விளக்கை அணைத்து அணைத்து ஏற்றி ஊரின் பெயரைச் சமிக்ஞையாகக் காட்டியிருக்கிறார்கள். கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் குதிரைப் பந்தயத் திடலுக்கு வாருங்கள் என்று ரேடியோவில் சொல்ல, படுக்கப் போன சனம் எழும்பி ஓடிவந்து கார் லைற்றை வரிசையாகப் போட்டு வெளிச்சம் பிடித்திருக்கிறது. விமானம் அந்த வெளிச்சத்தில் இறங்கியது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. விடிய அதைச் சேற்றிலிருந்து இழுத்து, திரும்பவும் பறக்கவிட்டார்கள்.

எல்லோரும் கைதட்டினார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். தொப்பிக்காரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஸ்காவ் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

“என்னக்கா?”

“ஒண்டுமில்லை. அவங்கள் மேலை இருந்து ஆரையும் கூப்பிடேல்லை. இந்தச் சனம் தானா ஓடிப் போயிருக்கு.”

ஆற்றங்கரையில் ஹெலன் கதையை முடித்தார். ஐரோப்பியர் வரமுதல் எத்தனையோ ஆயிரம் வருஷமாக இந்தக் கரை விராஜூரி மக்களுடையது என்றார். இன்றைக்கு மறே ஆறு முழுவதும், அந்தப் பக்கத்துக் கரை மேடு வரைக்கும், நியூ சவுத் வேல்ஸுக்குத்தான் சொந்தம் என்றும் சொன்னார். விக்ரோறியாவுக்குத் தண்ணீரில் பங்கில்லை, நிலத்தில்தான் எல்லை ஆரம்பம் என்றார்.

“பாத்தியளோ, ஆறு எங்கடை!” என்று கத்திவிட்டேன்.

“கன்பராக்காறருக்கு இதிலை என்ன?” என்று கேட்டார் அவர்.

நாக்கைக் கடித்துக்கொண்டேன். “பக்கம்தானே,” என்று சமாளித்தேன்.

ஆறு பெரிதாகச் சத்தம் போடாமல் பச்சையும் மண்ணிறமுமாகப் போய்க்கொண்டிருந்தது. இலையில்லாத மரங்களுக்குக் கீழே வாங்கு ஒன்றில் உட்கார்ந்தோம். கொஞ்சம் வெயில் விழுந்திருந்தது. அவர் பையைத் திறந்து பிளாஸ்கையும் ஒரு டப்பாவையும் எடுத்தார். டப்பாவைத் திறந்ததுதான் தாமதம், வாசம் என் மூக்கில் ஏறி இருந்துகொண்டது. மீனை உள்ளே வைத்து மடித்துப் பொரித்த பற்றிஸ். விளிம்பெல்லாம் முள்ளுக்கரண்டியால் அழுத்தி வடிவாகச் செய்தது. விடியவிலிருந்து என் வயிற்றில் ஒன்றுமில்லை. எடுங்கோ அக்கா என்றார். எடுத்தேன். ஒன்றோடு நிற்கவில்லை. அவர் சாப்பிட முதல் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டதைப் பார்த்தேன். அப்போதாவது எனக்கு மூளை வேலை செய்திருக்கவேண்டும். அடிலெய்ட்டில் வேதக்காரர் இல்லையா என்ன என்று நினைத்துக்கொண்டு அடுத்த பற்றிஸை எடுத்தேன்.

தேத்தண்ணி ஊற்றித் தந்துகொண்டே அவர் மெல்லச் சொன்னார்.

“அந்தச் சிநேகிதி இருக்கிறா எல்லோ, பெடியனோடை. அவ அந்த ஊரை விட்டு வரமாட்டன் எண்டு நிக்கிறதாத்தான் எல்லாரும் நினைக்கினம். உண்மை அது இல்லை அக்கா. புருஷன் செத்த பிறகு அந்த வீட்டிலை அவவுக்கு ஒரு ராத்திரி ஒழுங்கான நித்திரை இல்லை. பெடியன் வேலைக் கதை கதைச்சுக்கொண்டு அறைக்குள்ளை இருப்பான். இவ ரீவியைப் போட்டிட்டு, சத்தத்துக்காக இருப்பா. கூப்பிட்டால் பெர்த்துக்கு நடந்தே போவா.”

“பிறகேன் போகமாட்டன் எண்டுறா?”

“ஆர் கூப்பிட்டது?” அவர் பிளாஸ்கை இறுக்கி மூடினார். “பெடியன் ‘நீங்களும் வாங்கோம்மா’ எண்டுதான் சொல்லுறான். பெடியன் சொல்லி என்ன? பொம்பிளை வீட்டார் ஒரு சொல்லுச் சொல்லவேணும் எல்லோ. பெட்டி படுக்கையோடை சம்மந்தி வீட்டு வாசலிலை போய் நிக்கிறதோ? பிள்ளைக்குப் பின்னாலை ஒட்டிக்கொண்டு வந்திட்டா எண்டு சனம் சொல்லாதோ? அதுதான், ‘எனக்கு இந்த ஊர்தான் சந்தோஷம்’ எண்டு பெடியனுக்குப் புளுகிக்கொண்டிருக்கிறா. அவனும் நம்பிப்போட்டான்.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “அந்தப் பெர்த் மனிசிக்கு அறிவில்லையோ? ஒரு சொல்லுக் கூப்பிட்டால் என்ன குறைஞ்சு போகும்? நானெண்டால் கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போயிருப்பன்!”

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். கன்பராக்காரிக்கு நல்ல மனம் என்று அந்தச் சிரிப்பில் இருந்தது. நேரமாகிவிட்டது, போயிட்டு வாறன் என்று சொல்லிப் பிரிந்தோம்.

மோட்டலுக்குப் போய் சேலை மாற்றி, மகேந்திரராஜாவை எழுப்பி, கொஞ்சம் பிந்தியே கபேக்குப் போனோம். கடைசி மேசையில் வினுஷாவும் றொகானும் எழும்பி நின்றார்கள். அவர்களுக்கு நடுவில் கதிரையில் இருந்தவர் நிமிர்ந்தார். தொப்பி இல்லை. ஸ்காவ் இல்லை. நரைத்த கொண்டை. ஆனால் அந்த மூக்கும் வாயும்!

“அங்கிள், அன்ரி, இது அம்மா. பற்றிமா,” என்றான் பெடியன்.

என் முகத்தில் ஈயாடவில்லை. பெர்த் மனுஷி நான். முந்தானையில் முடிந்து வைத்திருக்கும் பிரிஸ்பேன் மனுஷி அவ. கை வேறு நனைத்தாயிற்று, அதுவும் வயிறு முட்ட! பற்றிமாவின் முகம் வெளிறிப்போயிருந்தது. எழும்பி வந்து முறைக்குக் கட்டிப்பிடிப்பது போல என்னைக் கட்டிப்பிடித்து, என் காதுக்குள் சொன்னார்.

“அக்கா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். நான் சொன்னது பெடியனுக்குத் தெரியக்கூடாது. அவன் தாங்கமாட்டான்.”

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

உட்கார்ந்தோம். மகேந்திரராஜா தொண்டையைச் செருமினார். கோல்பேர்னிலிருந்து நான் ஊட்டிவிட்டதெல்லாம் அவர் வாயிலிருந்து ஒரு எழுத்துப் பிசகாமல் வந்தது. “எங்களுக்கு ஒரே பிள்ளை. வேலை, சிநேகிதம் எல்லாம் சிட்னியிலை. பிள்ளை அங்கைதான் இருக்கவேணும். அதிலை எங்களுக்கு மாத்துக் கதை இல்லை.” முதல்தடவையாக மனுஷன் நான் சொன்னதை ஒழுங்காகச் செய்தார். அதுவும் இன்றைக்கா!

றொகான் மரியாதையாகத்தான் பதில் சொன்னான். “அங்கிள், எனக்குச் சிட்னிக்கு வாறதிலை பிரச்சினை இல்லை. அம்மாதான். அம்மாவுக்கு மெல்பேண்தான் சந்தோஷம், கேட்டுப் பாத்திட்டன். அம்மாவைத் தனிய விட்டிட்டு என்னாலை வர ஏலாது. சொறி.”

வினுஷா மேசையில் அவன் கையோடு சேர்த்து வைத்திருந்த தன் கையை மெல்ல எடுத்து மடிக்குள் வைத்துக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்த்தேன். அழவில்லை. முடிவெடுத்தவளின் முகம். பற்றிமா கோப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாய் திறக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். திறந்தால் மகனுக்குச் சொன்ன பொய் வெளியில் வரும்.

கூப்பிட வேண்டியவள் நான். ஆனால் எப்படிக் கூப்பிடுவது? “நீங்களும் வாங்கோவன்” என்று நான் பண்பாகச் சொன்னால், எங்களுடைய ஆட்கள் என்ன செய்வார்கள்? “சீச்சீ, வேண்டாம், நான் அங்கை நல்லா இருக்கிறன்” என்பார்கள். அது உபசாரம், உபசாரத்துக்கு உபசாரம்தான் பதில். நான் இன்னொருதரம் கேட்க, அவர் இன்னொருதரம் மறுக்க, எல்லாம் அதோடு முடிந்துவிடும். அழைப்பை மறுக்கலாம். பேச்சுக்காலில் பொம்பிளைப் பகுதி வைக்கும் நிபந்தனையை அப்படி லேசாக மறுக்க ஏலாது.

மேசையில் கையால் ஒரு தட்டுத் தட்டினேன். கோப்பிக் கோப்பைகள் குதித்தன.

“எங்களிட்டை இன்னொரு கொண்டிசன் இருக்கு,” என்றேன்.

மகேந்திரராஜா திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். இது பாடத்தில் இல்லை.

“அம்மா, ப்ளீஸ்,” என்றாள் வினுஷா.

“நீ வாயை மூடு. பெரியாக்கள் கதைக்கிற இடம். றொகான் தம்பி, வடிவாக் கேளும். மாமி இல்லாத வீட்டுக்கு நாங்கள் பிள்ளை குடுக்கிறேல்லை. எங்கடை பரம்பரையிலை அந்தப் பழக்கம் இல்லை.”

“வாட்?” என்றாள் என் மகள். எங்கள் பரம்பரையில் மாமியோடு ஒரு வருஷம் சேர்ந்திருந்தவர் ஒருவரும் கிடையாது. என் மாமியோடு நான் போட்ட சண்டை ஊருக்கே தெரியும். மகேந்திரராஜாவின் வாய் திறந்தபடியே நின்றது. நல்லவேளை, அவர் வழக்கம்போல் ஒன்றும் சொல்லவில்லை.

“நீர் மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சிட்னிக்கு வாறதெண்டால் எங்களுக்குத் தேவையில்லை. இந்தப் பிள்ளைக்கு ஒரு முட்டை பொரிக்கத் தெரியாது. நான் விடிய பஸ் ஓடப் போயிடுவன். பிறகு வீட்டிலை ஆர் இருக்கிறது? அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாறதெண்டால் வாரும். வென்ட்வேர்த்வில்லிலை எங்கடை வீட்டுக்குக் கிட்டத்தான் வீடு எடுக்கவேணும். அவ வரமாட்டன் எண்டால் இந்தக் கல்யாணம் இல்லை. சொல்லிப்போட்டன்.”

பிறகு பற்றிமாவின் பக்கம் திரும்பினேன். என் குரல் நடுங்கிவிடுமோ என்று பயந்து இன்னும் சத்தமாகவே கேட்டேன்.

“நீங்கள் என்ன சொல்லுறியள்? உங்களுக்கு இது சம்மதமெண்டால்...”

“ஓம்,” என்றார்.

நான் கேட்டு முடிக்கவில்லை. அவ்வளவு அவசரமாக அந்த ஓம் வந்தது. வந்த வேகத்தில் அவரே வெட்கப்பட்டு, முந்தானையைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டார். றொகான் தாயைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், திரும்பத் தாயைப் பார்த்தான். வினுஷாவின் கை மேசைக்கு மேலே வந்துவிட்டது.

“அம்மா, மெல்பேணை விட்டு வரவே மாட்டன் எண்டியள்?”

பற்றிமா நிமிர்ந்து உட்கார்ந்தார். கண் நிறையத் தண்ணீர், ஆனால் தலை நிமிர்ந்தபடி.

“நான் என்ன தம்பி செய்யிறது? பொம்பிளைப் பகுதி இப்பிடிப் பிடிவாதமா ஒரு கொண்டிசன் போட்டால், மாப்பிள்ளைப் பகுதி நாங்கள்தானே விட்டுக்குடுக்கவேணும்.”